மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தவர்களுக்கு: மதுரை ஐ.என்.ஆர். கிளினிக் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் துறையோடு சேர்ந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கென்றே ஒரு தனிப்பிரிவு நடக்கிறது. வாரத்தில் சில நாட்கள், காலையில் மட்டும் இயங்கும் அந்தப் பிரிவை, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் பெயரால், அங்கே எல்லோரும் ஐ.என்.ஆர். கிளினிக் என்றுதான் சொல்கிறார்கள். பிரசவமான சில நாட்களில் மூளையின் சிரைக்குழியில் ரத்தம் உறைந்துபோய், வலிப்பு வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்ட என் தங்கை, வீடு திரும்பியதிலிருந்து இந்தப் பிரிவில்தான் காட்டி வருகிறாள். அவளோடு ஏறக்குறைய எல்லா முறையும் நான்தான் போகிறேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மருத்துவமனையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. இப்படிப்பட்ட பிரிவுகள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. ஒரு குடும்பம் அவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அங்கே எது இருக்க வேண்டும், எது இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம். இந்த நோயில் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை மருத்துவமனைக் கட்டிலில் நடக்கிறது. ஆனால் அந்த உயிரைத் தக்கவைக்கும் சிகிச்சை, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு, மாதக்கணக்கில் தினமும் மாலையில் விழுங்கும் ஒரு சிறிய மாத்திரையில் நடக்கிறது. அந்த மாத்திரைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. இந்தப் பிரிவு அதற்கு விடையாக இருப்பதால்தான் அதன் குறைகளையும் தாண்டி அதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரிவு செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. மூளைக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி அடைத்துக்கொண்டால் வருவதைத்தான் நாம் பக்கவாதம் என்று அறிந்திருக்கிறோம். என் தங்கைக்கு அடைத்துக்கொண்டது ரத்தம் திரும்பிப் போகும் வழி. மூளையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறையின் இரண்டு படலங்களுக்கு நடுவே, தசையும் இல்லாமல் வால்வும் இல்லாமல், சில அகன்ற கால்வாய்கள் ஓடுகின்றன. இவற்றைத்தான் சிரைக்குழிகள் என்கிறார்கள். அவற்றில் பெரியது நெற்றிக்குப் பின்னால் தொடங்கி, உச்சந்தலையின் நடுக்கோட்டை ஒட்டியே பின்மண்டை வரை போகிறது. அங்கே மூளையின் ஆழத்திலிருந்து வரும் இன்னொரு கால்வாயும் வந்து சேர, ரத்தம் இடமும் வலமுமாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் வளைந்து இறங்கி, கழுத்துச் சிரையில் கலக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீரும் இதே கால்வாய்களின் வழியாகத்தான் ரத்தத்தில் வடிகிறது. ஆகவே இங்கே உறைவு ஏற்பட்டால் ரத்தமும் தேங்குகிறது, நீரும் தேங்குகிறது, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலைவலியும், வாந்தியும், பார்வை மங்கலும், வலிப்பும் அதன் விளைவுகள்.

இவ்வளவையும் முதல் நாளே ஒரு மண்டையோட்டு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே நீல நிறத்தில் ஒட்டியிருந்த குழாய்களை விரலால் தொட்டுக் காட்டி, என் அம்மாவுக்கும் தங்கையின் மாமியாருக்கும் புரியும்படி ஒரு மருத்துவர் விளக்கினார். இந்த விளக்கம் இந்தப் பிரிவின் நடைமுறையிலேயே ஓர் அங்கம். புதிதாகப் பதிவு செய்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் செய்கிறார்கள். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு லாரி ஓட்டுநருக்கும், அவருக்குப் பின்னால் வந்த கல்லூரி மாணவிக்கும் இதே மாதிரியை எடுத்துக் காட்டி விளக்கியதை நான் பார்த்தேன். மற்ற இடங்களில் 'மூளை நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது' என்ற ஒரே வரியோடு விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தால் மாதக்கணக்கில் மாத்திரையைத் தவறாமல் கொடுக்க முடியாது.

அந்த விளக்கத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைப் பற்றியது. தங்கையின் ஸ்கேனில் மூளைக்குள் சிறிய ரத்தக்கசிவும் தெரிந்தது. கசிவு இருக்கும்போதே ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும் ஊசியைப் போடப் போகிறார்கள் என்று கேட்டதும் குடும்பமே நடுங்கிப்போனது. சிவகங்கைப் பக்கத்துக்காரரான அந்த மருத்துவர், கண்மாயில் மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கை மணல் மூடிக்கொண்டால் வரத்துக்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, கரையின் பலவீனமான இடத்தில் உடைப்பெடுக்கும் என்றும், அப்போது முதலில் திறக்க வேண்டியது கலுங்கைத்தான் என்றும் சொன்னார். கசிவுக்குக் காரணமே பின்னுக்குத் தள்ளும் அழுத்தம்; அடைப்பு கரைந்தால்தான் அழுத்தம் இறங்கும். இதை ஊகமாகச் சொல்லவில்லை என்பதற்கு, ஜெர்மனியில் நடந்து 1991-இல் வெளியான ஓர் ஆய்வையும் எடுத்துச் சொன்னார். மொத்தமே 20 நோயாளிகள். ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் 8 பேர் முழுமையாகக் குணமடைந்தார்கள், மற்ற 2 பேருக்குச் சிறு குறை மட்டும் மிஞ்சியது. மருந்தில்லாத ஊசி பெற்ற 10 பேரில் ஒருவர்தான் முழுமையாகத் தேறினார், 3 பேர் இறந்துபோனார்கள். வேறுபாடு அவ்வளவு துலக்கமாக இருந்ததால் ஆய்வை அத்தோடு நிறுத்திவிட்டார்களாம். மூளையில் கசிவு இருந்தாலும் சிரைக்குழி உறைவுக்கு ஹெப்பாரின் கொடுப்பதே இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் வழிமுறை.

இந்தப் பிரிவில் பதிவு செய்தவர்களில் பிரசவமான பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களிலும் ரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கிறது. பிரசவத்தில் அதிக ரத்தம் போய்விடாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதன்மேல் ரத்தசோகையும், தண்ணீர் குறைந்த உடம்பும், கிருமித்தொற்றும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும், சளி பிடிக்கும் என்று சொல்லி, நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும் வெந்நீர் கொடுக்கும் பத்தியம் தென் மாவட்டங்களில் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. இந்தியாவில் பேறுகாலச் சிரை உறைவு அதிகமாகக் காணப்பட்டதற்கு இப்படித் தண்ணீரைக் குறைப்பதும் ஒரு காரணம் என்று நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். கிளினிக்கின் தலைமைச் செவிலியர் இதைப் பாட்டிமார்களிடம் எடுத்துச் சொல்லும் பாங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. பத்தியத்தை அவர் பழிப்பதில்லை. பூண்டுக் குழம்பும் வையுங்கள், கருவாடும் கொடுங்கள், தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள் என்கிறார்.

தலைவலியைப் பற்றியும் அவர் ஒரு விஷயத்தைச் சொல்லித் தருகிறார். இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டவர்களுக்குத் தலைவலி வருவதுண்டு. அந்த வலி உட்கார்ந்தாலும் நின்றாலும் கூடும், படுத்தால் குறையும். சிரைக்குழி உறைவின் வலி பெரும்பாலும் படுத்தால் கூடும், இருமினாலும் குனிந்தாலும் கூடும், நாளுக்கு நாள் ஏறும். ஆனாலும் இரண்டையும் வலியை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது என்பதால், பிரசவமானவருக்கு விடாத தலைவலியோடு பார்வை மங்கலோ, கை கால் மரத்துப்போவதோ, வலிப்போ சேர்ந்தால் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று ஆவி பிடித்துக்கொண்டிருக்காமல் எம்.ஆர்.ஐ.யோடு எம்.ஆர்.வி. எனப்படும் சிரைப் படத்தையும் எடுக்கச் சொல்ல வேண்டும். மருந்து செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேன் இந்த நோயில் பலருக்கு எந்த மாறுதலையும் காட்டுவதில்லை. எங்கள் ஊரில் முதலில் காட்டிய இடத்திலும் அப்படித்தான், சி.டி. நார்மல் என்று சொல்லி வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். எம்.ஆர்.வி.யை மருந்து செலுத்தாமலேயே எடுக்கும் முறை உண்டு என்பதால், பால் கொடுக்கும் தாய்மார்கள் மருந்து பாலில் கலக்குமோ என்ற கவலையால் அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனி கிளினிக்கின் அன்றாட வேலைக்கு வருகிறேன். தங்கைக்குக் கொடுப்பது அசிட்ரோம் என்ற மாத்திரை. இதுவும் வார்ஃபரின் என்ற இன்னொரு மாத்திரையும் ஒரே வகையைச் சேர்ந்தவை. கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு தயாரிக்கும் உறைதல் காரணிகளைக் குறைப்பவை. ஏற்கனவே ரத்தத்தில் இருக்கும் காரணிகள் தீரச் சில நாட்கள் ஆவதால்தான், மாத்திரை தொடங்கிய பிறகும் ஹெப்பாரின் வகை ஊசியைக் குறைந்தது ஐந்து நாட்களாவது சேர்த்துப் போடுகிறார்கள். மாத்திரை போதிய அளவு வேலை செய்கிறதா என்பதைக் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். சாதாரணமாக அது 1-ஐ ஒட்டி இருக்கும். சிரைக்குழி உறைவு வந்தவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். 2-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் உறையலாம், மேலே ஏற ஏற ரத்தக்கசிவு வரலாம். பாதுகாப்பான இடைவெளி இவ்வளவு குறுகியதாக இருக்கும் மருந்துகள் நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் அதிகம் இல்லை.

கிளினிக்கில் இந்த எண்ணை விரல் நுனி ரத்தத்திலேயே ஒரு சிறிய கருவியால் பார்க்கிறார்கள். செவிலியர் நோயாளியின் கையை வெந்நீரில் கழுவச் சொல்லி, நன்றாகத் துடைத்து, விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துகிறார். முதலில் துளிர்க்கும் சொட்டையே, விரலைப் பிழியாமல், தாமதிக்காமல் கருவியில் செருகிய சோதனைப் பட்டையின் ஓரத்தில் தொட வைக்கிறார். பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறிவிடும் என்று காரணமும் சொல்கிறார். ஒரு நிமிடத்துக்குள் திரையில் எண் வந்துவிடுகிறது. அந்தப் பட்டைகளை 30 டிகிரிக்கு மேல் சூடேறாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதால், மதுரை வெயிலில் அவற்றைத் திறந்த அலமாரியில் வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள இப்படிப்பட்ட கருவியை வாங்க நினைப்பவர்கள் பட்டையின் விலையை மட்டும் பார்க்காமல் இதையும் யோசிக்க வேண்டும்.

கருவியை இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் இல்லை. பிரசவத்துக்குப் பின் தங்கைக்கு ரத்தம் மிகக் குறைந்திருந்ததால் முதல் சில வாரங்கள் அவளுக்கு விரல் சோதனை செய்யவில்லை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 25 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இந்தக் கருவியின் எண் நம்பத்தக்கதல்ல என்று சொல்லி, கையில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கும் நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்பியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். குறைவாக நிரப்பினால் குழாயில் இருக்கும் மருந்தின் விகிதம் கூடி எண் பொய்யாக உயரும். உறைவைத் தூண்டும் ஆன்டி பாஸ்போலிபிட் என்ற எதிர்பொருள்கள் ரத்தத்தில் இருப்பவர்களுக்கும் விரல் சோதனை பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், அப்படிப்பட்டவர்களை எப்போதும் ஆய்வகத்துக்கே அனுப்புகிறார்கள். சிரையில் உறைவு வந்தவர்களிடையே அந்த எதிர்பொருள் உள்ளவர்கள் இருப்பது வழக்கம் என்பதால் இந்தக் கவனம் மிகவும் முக்கியம். வேறு ஆய்வகங்களில் நான் இதைப் பார்த்ததில்லை.

எண் வந்த பிறகு நடப்பதுதான் இந்தச் சேவையின் உயிர்நாடி. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்கள். அதில் தேதி, ஐ.என்.ஆர்., வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனியாக மாத்திரை அளவு, அடுத்து வர வேண்டிய நாள் என்று கட்டம் போட்டிருக்கிறது. மருத்துவர் அளவை எழுதியதும் செவிலியர் அதை நோயாளியையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். படிக்கத் தெரியாதவர்களுக்கு முழு மாத்திரைக்கு முழு வட்டமும் அரை மாத்திரைக்கு அரை வட்டமும் வரைந்து தருகிறார். மாத்திரையை மாலையில் சாப்பிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. காலையில் பார்த்த எண்ணைக் கொண்டு அன்றைய அளவையே மாற்றிக்கொள்ள முடியும். வர வேண்டிய நாளில் வராதவர்களுக்கு மறுநாளே தொலைபேசியில் அழைப்பு போகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி என்று நாங்கள் ஒரு முறை தள்ளிப்போட்டபோது, 'என்னம்மா, ஊசி போட்டாச்சா? பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கா? நாளைக்கு நீங்க வந்துருங்க' என்று அந்தச் செவிலியரே அழைத்துக் கேட்டார்.

வேறு மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை அந்தக் கையேட்டின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பல்வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சர்வசாதாரணமாக எழுதித் தரும் மெட்ரோனிடசோல், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் புளுகோனசோல் ஆகியவை ஐ.என்.ஆர். எண்ணைச் சட்டென்று ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் இறக்கிவிடும். டைக்ளோபினாக், புரூபென் போன்ற வலி மாத்திரைகள் எண்ணை ஏற்றாவிட்டாலும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். வயிற்றுப்போக்குக்காகத் தங்கைக்கு எங்கள் பகுதியில் ஒருவர் மெட்ரோனிடசோல் எழுதியபோது, மருந்தை வாங்கும் முன் கிளினிக்குக்கு அழைத்தோம். அழைப்பை எடுத்தவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திருப்பி அழைத்து, அது இப்போது தேவையில்லை என்றும், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டு இரண்டு நாளில் வந்து எண்ணைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். இந்த ஓர் அழைப்புக்காகவே இங்கே பதிவு செய்திருப்பது தகும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு ஆபத்தையும் இங்கேதான் தெரிந்துகொண்டோம். அசிட்ரோம் தீர்ந்துபோய் மருந்துக்கடையில் அதற்குப் பதிலாக வார்ஃபரினைக் கொடுத்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று நினைத்து அதே மில்லிகிராம் அளவில் சாப்பிடக் கூடாது. இரண்டின் வீரியமும் வேறு, உடம்பில் தங்கும் நேரமும் வேறு.

உணவு விஷயத்தில்தான் இந்தப் பிரிவின்மேல் எனக்கு முதல் வருத்தம். அவர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் 'கீரை வகைகளைத் தவிர்க்கவும்' என்று ஒரே வரி இருக்கிறது. பிரசவமான பெண்ணுக்குப் பால் ஊறவும் ரத்தம் ஊறவும் முருங்கைக்கீரைதான் முதல் மருந்து என்று நம்பும் வீட்டில் இந்த வரி எவ்வளவு குழப்பத்தை உண்டாக்கும் என்பதை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் அதே கிளினிக்கின் உணவு ஆலோசகர் நேரில் சொன்னது வேறு: கீரையை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு எத்தனை முறை எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதை மாற்றாமல் ஒரே சீராகச் சாப்பிடுங்கள், அதற்கேற்ப மாத்திரை அளவை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றார். இதுதான் சரியான வழி. ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் ஊரிலிருந்து வந்த கீரைக்கட்டைத் தினமும் பொரியல் செய்தால்தான் எண் தடுமாறும். ஆலோசகரைப் பார்க்காமல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், ரத்தசோகை உள்ள நிலையிலேயே கீரையை அடியோடு விட்டுவிடுகிறார்கள். இதை மருத்துவரிடம் சொன்னேன், மாற்றுவதாகச் சொன்னார். நான் கடைசியாகப் பார்த்தபோதும் பழைய தாளைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வருத்தம் இன்னும் பெரியது. பிள்ளைப்பேறு சம்பந்தமான பேச்சை அவர்களாக எடுப்பதில்லை. நாம் கேட்டால் மட்டும் தெளிவாகச் சொல்கிறார்கள். சிரைக்குழியில் உறைவு வந்த ஒரு பெண், ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரைகளை அதன்பின் சாப்பிடக் கூடாது. மாதவிடாயைத் தள்ளிப்போடக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாங்கிச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. காப்பர்-டி போன்ற முறைகளைப் பயன்படுத்தலாம். மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரித்தால், குறிப்பாக ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, இந்த வகை மருந்து குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும்; ஆகவே நாள் தள்ளிப்போனதுமே சொல்லிவிட வேண்டும். அடுத்த பிரசவம் கூடவே கூடாது என்பதில்லை. அந்தக் கர்ப்ப காலத்தில் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியோடு கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பாலூட்டுவதில் வார்ஃபரினும் அசிட்ரோமும் தடையாக இல்லை. இவை அத்தனையும் இளம்பெண் ஒருத்திக்குத் தெரிந்தே ஆக வேண்டியவை. கணவரும் மாமியாரும் சுற்றி நிற்க, அவளே வாய் திறந்து கருத்தடையைப் பற்றிக் கேட்கட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை. ஒரு பெண் செவிலியர் தனி அறையில் ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

பரிசோதனைகளில் இவர்கள் காட்டும் நிதானம் பாராட்டத்தக்கது. உறைவு வந்ததும் பல இடங்களில் ரத்தம் அளவுமீறி உறையாமல் காக்கும் புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் என்று ஆயிரக்கணக்கில் செலவாகும் ஒரு தொகுப்புப் பரிசோதனையை உடனே எழுதிவிடுகிறார்கள். உறைவு புதிதாக இருக்கும்போது அந்த அளவுகள் இயல்பிலேயே இறங்கியிருக்கலாம்; இந்த மாத்திரைகளைச் சாப்பிடும்போது புரதம் சி, புரதம் எஸ் அளவுகள் இறங்கியிருக்கும்; கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் புரதம் எஸ் குறைந்தே காணப்படும். அந்த நேரத்துப் பரிசோதனை, இல்லாத குறைபாட்டை இருப்பதாகக் காட்டிவிடலாம். இங்கே அதை மாத்திரை நிறுத்திய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். தாமதிக்க வேண்டாதவற்றை, அதாவது முழு ரத்த எண்ணிக்கை, ரத்தத்தில் மிகுந்தால் உறைவுக்குக் காரணமாகக்கூடிய ஹோமோசிஸ்டீன், ஆன்டி பாஸ்போலிபிட் எதிர்பொருள்கள் ஆகியவற்றை, உடனே பார்த்தார்கள். கடைசியாகச் சொன்னதைப் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள்.

இது பெண்களுக்கு மட்டும் வரும் நோயல்ல என்பதைக் காத்திருப்பு அறையே சொல்லும். 2004-இல் வெளியான, 624 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். ஆனால் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் 428 நோயாளிகளை வைத்து 2012-இல் வெளியிட்ட பதிவேட்டில் ஆண்களே பாதிக்குச் சற்று மேல் இருந்தார்கள்; மொத்த நோயாளிகளின் சராசரி வயது முப்பதை ஒட்டியிருந்தது. ரத்தசோகையும், ஹோமோசிஸ்டீன் மிகுதியும், மதுப்பழக்கமும் அங்கே முக்கியக் காரணங்களாகத் தெரியவந்தன. எங்களோடு வரும் அந்த லாரி ஓட்டுநருக்கும் ஹோமோசிஸ்டீன்தான் கூடியிருக்கிறது என்று அவரே சொன்னார். அதைக் குறைக்க அவருக்கு வைட்டமின் பி12-ஐத் தசையில் ஊசியாகப் போடாமல் மாத்திரையாகத் தருகிறார்கள். ரத்தம் நீர்த்திருக்கும்போது தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும் என்பதுதான் காரணம்.

கண் பரிசோதனையையும் சொல்லாமல் விடக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வீங்கும். அது நீடித்தால் உறைவு கரைந்த பிறகும் பார்வை திரும்பாமல் போகலாம். தலைவலி நின்றுவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த நேரத்திலும், கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்த்து, பார்வைப் புலச் சோதனையும் செய்து, வீக்கம் வடிந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே அதற்கான மருந்தைக் குறைத்தார்கள். அதே கட்டடத்தில் கண் மருத்துவரும் இருப்பதால் இது ஒரே காலையில் முடிந்துவிடுகிறது.

டபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளைப் பற்றியும் கேட்டேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 120 சிரைக்குழி உறைவு நோயாளிகளில் பாதிப் பேருக்கு டபிகட்ரானும் பாதிப் பேருக்கு வார்ஃபரினும் ஆறு மாதம் வரை கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு தரப்பிலும் ஒருவருக்கும் மீண்டும் உறைவு வரவில்லை. இந்த மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை, கீரைக் கணக்கும் இல்லை. ஆயினும் பாலூட்டும் பெண்களுக்கு இவற்றைக் கொடுப்பதில்லை. ஆன்டி பாஸ்போலிபிட் நோய் உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் வகையே நல்லது. தங்கைக்கு ஏன் பழைய மாத்திரை என்பதை மருத்துவர் இப்படிக் காரணத்தோடு சொன்னார். புதிய மாத்திரைக்கு மாறியவர்களைக் கிளினிக் கைவிட்டுவிடவில்லை. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்க்க அவர்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் வரச் சொல்கிறார்கள்.

செலவு ஒரு முறைக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்குகிறது. விரல் சோதனையும் ஆலோசனையும் அதில் சேர்த்தி. உள்நோயாளியாக இருந்தபோது ஆன செலவைக் குடும்பக் காப்பீடு ஏற்றுக்கொண்டது, இந்தப் புறநோயாளிச் செலவை ஏற்கவில்லை. காத்திருக்கும் இடம் குறுகலானது. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் பால் கொடுக்க ஒரு மறைப்பு இல்லை. ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலுள்ள உடை மாற்றும் அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தத் தொலைபேசியை எடுக்க ஆளில்லை என்பது. ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ, சிறுநீர் சிவந்து போனாலோ, மலம் கறுத்துப் போனாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் அவசரப் பிரிவில் இரவில் இருப்பவர்களிடம் கிளினிக்கின் பதிவுகள் கணினியில் தெரிவதில்லை. கையேடு கையில் இல்லாவிட்டால் நோயாளி என்ன அளவில் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கடைசிப் பக்கத்தை வாராவாரம் கைப்பேசியில் படம் எடுத்துத் தங்கையின் கணவருக்கும் அனுப்பி வைத்துக்கொள்கிறோம். ஒரே மருத்துவமனையின் இரண்டு பிரிவுகளுக்கு இடையே இந்த இணைப்பை ஏற்படுத்துவது நிர்வாகத்துக்குப் பெரிய காரியமல்ல. எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன்.

காரணம் தெளிவாகத் தெரிந்து, அது நீங்கியும் விட்டவர்களுக்கு, அதாவது பிரசவத்தால் வந்தவர்களுக்கு, மூன்று முதல் ஆறு மாதங்களிலும், காரணம் தெரியாதவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களிலும் மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். ரத்தம் உறையும் தன்மை நிரந்தரமாக இருப்பவர்கள் வாழ்நாள் முழுவதும் வர வேண்டியிருக்கும். நிறுத்தும் முன் மறுபடியும் எம்.ஆர்.வி. எடுக்கிறார்கள். அப்போது கால்வாய் முழுவதும் திறக்காமல் ஓரளவு மட்டும் திறந்திருந்தாலும் அதற்காக மட்டுமே மாத்திரையை நீட்டிப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். இடப்பக்கக் கால்வாய் பிறவியிலேயே சிறுத்திருப்பது நிறையப் பேருக்கு உண்டு என்பதால், ஸ்கேன் அறிக்கையின் வரிகளை வீட்டில் வைத்துத் தாமாகப் பொருள் கொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

புதிதாகப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் மூலப் பிரதியையும், ஸ்கேனின் அறிக்கையோடு அதன் படங்கள் உள்ள குறுவட்டையும், இதுவரை பார்த்த ஐ.என்.ஆர். தாள்கள் அனைத்தையும், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடும் எடுத்துச் செல்ல வேண்டும். நாட்டு மருந்தும் பேறுகால லேகியமும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே கேட்பார்கள். வேறு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பதிவு காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது; முதல் முறை வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல நேரம் ஆகும் என்பதால் ஒன்பதரைக்கு மேல் புதியவர்களை எடுப்பதில்லை.